கடலோரக் கொலை நாவல்: முடித்தவர்கள் மட்டும் உள்ளே வரவும்

மண்டபத்து வாசகி

போன மாதத்திலிருந்து நமக்குள் கைமாறிக்கொண்டிருக்கும் அந்த நாவலைப் பற்றித்தான் இந்த இழை. எது என்று உங்களுக்கே தெரியும். தலைப்பைச் சொன்னாலே பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும், அதனால் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். முடிவு வரைக்கும் பேசப்போகிறோம், படிக்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

கதையை ஒரு தடவை ஓட்டிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம், மே மாதம். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஒரு சின்ன ஊர். பெயர் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மண்டபம் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். விடிகாலையில் வடகரையில் கடல் உள்வாங்கிக் கிடக்கிறது. சேற்றில், பழைய வலையில் சிக்கிய நிலையில், கடற்பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் உடல். "தீவுப் பக்கம் தனியாகப் பாசி எடுக்கப் போனாள், முங்கிவிட்டாள்" என்கிறது அவள் சரக்குப் போட்டுவந்த கம்பெனி. கோவையிலிருந்து மாற்றலாகி வந்த பெண் எஸ்.ஐ. விசாரிக்கிறார். பாதிப் புத்தகத்தில் யார் செய்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஊருக்கு அதற்கு முன்பே தெரியும். கடைசியில் எஸ்.ஐ. விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றல் வாங்கிப் போகிறார்.

எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், நன்றாக எழுதப்பட்ட புத்தகம், ஆனால் இன்னொரு முறை தொடமாட்டேன். முதல் நூறு பக்கம் நகரவேயில்லை. அப்புறம் நகர்ந்தது, ஆனால் மூச்சு விட ஓர் இடம் கொடுக்கவில்லை. ஒரு நல்ல மனுஷன் கிடையாதா அந்த ஊரில்? டீக்கடைக்காரர்கூடக் காசு வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறக்கிறார். இருட்டு இருக்கட்டும், ஒரு சிம்னி விளக்காவது வைத்திருக்கலாம்.

உங்களுக்கு எப்படி?

ஒருவரிக்காரன்

அட்டைப்படத்தில் மழை, குடை, மூடுபனி. மே மாதத்து மண்டபத்தில். வரைந்தவர் இந்த மாவட்டத்தை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மதுரை நைட்ஷிப்ட்

நான் துப்பறியும் கதைகளாகத் தேடிப் படிக்கிறவன், அந்தக் கணக்கில்தான் மதிப்பெண் போடுவேன். ஐந்துக்கு இரண்டரை.

முதல் குறை: கொலையாளி யார் என்பதைப் பாதியில் உடைத்துவிட்டு அப்புறம் எதற்கு இன்னொரு இருநூறு பக்கம்? இரண்டாவது, கதையில் பெரிய ஓட்டை. அவள் போனதாகச் சொல்வது தென்கடல் தீவுக்கு. உடல் கிடைப்பது வடகரையில், மறுநாள் விடிகாலையே. நடுவில், இரண்டு கடலையும் இணைக்கும் பாம்பன் கால்வாய் இருக்கிறது. ஒரே ராத்திரியில் எப்படி வந்தது? எழுத்தாளர் திசை பார்க்காமல் எழுதிவிட்டார். பதிப்பாசிரியர் என்று ஒருவர் இருந்தாரா இல்லையா?

மூன்றாவது, எஸ்.ஐ. கண்டுபிடிப்பதே ஒன்றுமில்லை. எல்லாம் ஏட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் கதாநாயகி எதற்கு?

தங்கச்சிமடத்தான்

மதுரைத் தம்பி, அது ஓட்டை இல்லை. அதுதான் கதையின் முதல் துப்பு.

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலத்தில் பாம்பன் கால்வாயில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வாடை என்கிற வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. அதனால் தென்கடலில் விழுந்த பொருள் மே மாதத்தில் வடகடலுக்கு வந்து சேர வழி இருக்கிறது. ஆனால் முங்கிய உடல் முதலில் அடியில்தான் போகும். உள்ளே காற்று சேர்ந்து மேலே வர, நம் பக்கத்துச் சூட்டிலேயே இரண்டு மூன்று நாள் ஆகும். மேலே வந்தால்தான் நீரோட்டம் இழுக்கும். ஒரே ராத்திரியில் கால்வாயைத் தாண்டி வடகரைச் சேற்றில் வந்து படுத்துக்கொள்ளாது. ஊரில் தொழிலுக்குப் போகிற எல்லாருக்கும் அன்றைக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது, கம்பெனி சொல்வது பொய் என்று. அந்தக் காட்சியை மறுபடி எடுத்துப் பாருங்கள். உடலைச் சுற்றி நாற்பது பேர் நிற்கிறார்கள். ஒருத்தன் அழவில்லை, ஒருத்தன் கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்க்கிறார்கள். ஏன் கடலைப் பார்க்கிறார்கள்? காற்றைக் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொன்று. கச்சான் பலமாக அடித்தால் வடகரைத் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடல் உள்வாங்கியது என்று அடிக்கடி பேப்பரில் போட்டு வெளியூர்க்காரர்களைப் பயமுறுத்துவார்களே, அதேதான். படகெல்லாம் தரை தட்டிக் கிடக்கும், காற்று தணிந்தால் தண்ணீர் திரும்பிவிடும். கடலில் இறங்குகிற எவனும் கச்சான் நேரத்தில் வடகரை ஓரத்தில் எதையும் மறைக்கமாட்டான். மறைத்தவன் கரைக்காரன், காற்று தெரியாதவன். அந்தக் கம்பெனியில் கடல் தெரியாத ஒரே ஆள் மேனேஜர். ஏட்டுக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்தது இப்படித்தான்.

நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பதினோராவது அத்தியாயத்தில் ஒரு விசைப்படகு ராத்திரியில் கடலட்டை மூட்டையோடு கிளம்பிப் போகிறது. தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். போட்டெல்லாம் கரையில் ஏற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் நேரம். சாதாரண நாளிலேயே மீன்வளத் துறை டோக்கன் இல்லாமல் விசைப்படகு போக முடியாது. தடைக்காலத்தில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டாலே ஊரே எழுந்து உட்காரும். நாட்டுப்படகு என்று எழுதியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன், நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. வீல்ஹவுஸில், அதாவது போட்டை ஓட்டும் அறையில், நின்று பேசுகிறார்கள் என்று எழுதிவிட்டார். நாட்டுப்படகில் ஏது வீல்ஹவுஸ்?

ஆனாலும் நான்கு நட்சத்திரம்.

மதுரை நைட்ஷிப்ட்

சரி அண்ணே, காற்றுக் கணக்கு அருமை. ஆனால் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருப்பதால் புரிகிறது. புத்தகத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா? துப்பறியும் கதையில் துப்பை வாசகன் முன்னால் வைக்க வேண்டும். மதுரையில் இருக்கிற எனக்குக் கச்சானும் தெரியாது, வாடையும் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துத் துப்பு வைத்தால் அது நேர்மையான ஆட்டமா?

கீழக்கரை காக்கா

தம்பி, வெளிநாட்டு ரயில் அட்டவணையை வைத்து எழுதிய கொலைக் கதையையெல்லாம் நாம் வாயைப் பிளந்துகொண்டு படித்தோமே, அந்த ரயிலில் நீங்கள் போயிருக்கிறீர்களா? நம் ஊர்க் காற்றை எழுதினால் மட்டும் விளக்கவுரை வேண்டுமா?

எனக்கு வேறு மனத்தாங்கல். நம் கரையைப் பற்றி யார் எழுதினாலும் ஒன்று கடத்தல், இல்லையென்றால் தர்கா. இதில் இரண்டும் இருக்கிறது. கடலட்டையைப் பிடிக்கக் கூடாது என்று 2001-ல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் அது ஒரு தொழில். அவித்து, உலர்த்தி, வெளிநாட்டுக்கு அனுப்பிக் கணக்குக் காட்டி வரி கட்டின தொழில். ஒரே ராத்திரியில் தொழில்காரன் குற்றவாளி ஆனான். அக்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கி இன்றைக்கும் எடுக்கிறார்கள். இந்தப் பின்னணி ஒரு வரி இருந்தால் அந்தக் கம்பெனி முதலாளி மனுஷனாகியிருப்பார். இதில் அவர் அத்தர் பூசிக்கொண்டு சிரிக்கிற வில்லன், அவ்வளவுதான். நல்லவேளை, கொலை செய்தது அவரில்லை.

எழுத்து நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த உடல் கிடக்கும் சேற்றின் வாடையை எழுதியிருக்கிறாரே, அந்தப் பத்தி ஒன்றுக்காகவே வாங்கலாம்.

சாயல்குடி பனங்காடு

காக்காவுக்கு அந்த மனத்தாங்கல் என்றால் எனக்கு இன்னொன்று. மேனேஜர் ஏன் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்? கடற்கரைக்காரன் எழுதினால் வில்லன் உள்நாட்டிலிருந்து வருவான், உள்நாட்டுக்காரன் எழுதினால் கடற்கரையிலிருந்து வருவான். கரிமூட்டம் போட்டவன், கருவேலங்காட்டில் வளர்ந்தவன், அதனால் கல்நெஞ்சக்காரன் என்று மூன்று இடத்தில் சொல்கிறார். கருவேலங்காட்டில் நானும்தான் வளர்ந்தேன்.

அப்புறம் தொடக்கம். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்" என்று எஸ்.ஐ. நினைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். இந்த ஒரு வரியை விட்டால் எங்கள் மாவட்டத்தைப் பற்றி வேறு தொடக்கமே கிடையாதா? சினிமாவிலும் இதுதான், அரசியல் மேடையிலும் இதுதான். தண்டனை கொடுக்கத்தான் எங்கள் ஊர்.

தனுஷ்கோடி சர்ச் காட்சிக்கும் ஒரு கும்பிடு. 1964 புயலில் அழிந்த ஊரை எல்லாரும் போட்டோ எடுத்தாயிற்று, இப்போது நாவல்காரர்களும் வந்துவிட்டார்கள். நள்ளிரவில் இரண்டு பேர் காரில் போய் அங்கே பேரம் பேசுகிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் வண்டியை விடுவார்களா? செக்போஸ்ட்டில் நிற்கிற போலீஸ்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய ஏட்டு

வணக்கம். நான் இந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வேண்டாம், ஆனால் கடலோர ஸ்டேஷன்களில் வேலை பார்த்திருக்கிறேன்.

சட்டப் பக்கம் சிலதைச் சொல்கிறேன். சந்தேக மரணத்தை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ல் பதிவார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, இப்போது அது 194. நாவலில் செல்போனில் பணம் அனுப்புகிறார்கள், பாம்பனில் புது ரயில் பாலம் ஓடுகிறது. அந்தப் பாலம் திறந்ததே 2025 ஏப்ரலில். ஆனால் எஸ்.ஐ. 174 என்றே எழுதுகிறார். எங்கள் ஆட்களே இன்னும் வாய்ப்பழக்கத்தில் நூத்தி எழுபத்தி நாலு என்றுதான் சொல்கிறார்கள், பேச்சில் வந்தால் மன்னிக்கலாம். எழுத்தில் வரக் கூடாது.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் விசாரணை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வரைக்கும் போகும். இவளுக்கு மகள் பத்தாவது படிக்கிறாள். அதனால் ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது. அதை எழுத்தாளர் தெரிந்தே அமைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. எஸ்.ஐ. அம்மா முதல் நாளே கேட்கும் கேள்வி "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் பேனாவை மூடுகிறார். படிக்கிறவர்கள் அதை அக்கறை என்று நினைப்பார்கள். துறைக்காரனுக்கு அது வேறு கணக்கு.

சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனும் மரைன் போலீஸும் உடல் யார் எல்லையில் கிடக்கிறது என்று சண்டை போடும் இடம் எனக்குப் பிடித்தது. தண்ணீர் இருந்திருந்தால் கடல், தண்ணீர் உள்வாங்கிவிட்டதால் கரை. வெயில் ஏறிக்கொண்டே போகிறது, இரண்டு ஜீப்பும் நிற்கிறது, உடலின் மேல் போட ஒரு துணி இல்லை. கடைசியில் ஒரு கிழவி தன் முந்தானையைக் கிழித்துப் போடுகிறாள். வாசகி அம்மா நல்ல மனுஷன் ஒருத்தர்கூட இல்லை என்றீர்களே, அந்தக் கிழவியைக் கணக்கில் எடுக்கவில்லையா?

மண்டபத்து வாசகி

எடுத்தேன் சார். ஆனால் அந்தக் கிழவியும் விசாரணையில் "நான் ஒண்ணும் பாக்கலையே" என்றுதான் சொல்கிறாள். அதுதான் என்னை இன்னும் வாட்டியது.

பாசிக்காரி மகள்

இந்த இழையை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் காற்று, படகு, சட்டம் என்று பேசுகிறீர்கள். செத்தவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் அம்மா பாசி எடுத்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். புடவைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டிக் கிடக்கும், கையால் பிய்க்க வேண்டும். வெறும் விரலால் பிய்த்தால் பவளப்பாறை தோலை உரித்துவிடும். அதனால் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றுவார்கள். அம்மா எங்கள் பழைய பள்ளிச் சீருடையைக் கிழித்து வைத்திருப்பார். ஒரு கையை அவரே சுற்றிக்கொள்வார், இன்னொரு கைக்கு நான் சுற்றிவிட வேண்டும்.

நாவலில் ஒரே ஒரு வரி வருகிறது. உடலைக் குளிப்பாட்டும்போது பெண்கள் அவள் விரல்களைப் பார்க்கிறார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ஏன் பார்த்தார்கள் என்று விளக்கம் இல்லை. விரலில் துணி இல்லை, சுற்றிய தடமும் இல்லை. அவள் அன்றைக்குக் கடலில் இறங்கவேயில்லை. தங்கச்சிமடத்து அண்ணன் சொன்ன காற்றுக் கணக்கு ஆண்களுக்கு. பெண்களுக்கு இந்த ஒரு விரல் போதும்.

இன்னொரு பொய்யும் உடனே உடையும். "தனியாகப் போனாள்" என்கிறார்கள். பாசிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. கூட்டமாகத்தான் போவோம். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றித் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, வனத்துறை மறித்தால் பதில் சொல்லவாவது பத்துப் பேர் வேண்டும். தீவுப் பக்கம் தனியாகப் போனவள் என்று சொன்னதுமே ஊரில் எந்தப் பெண்ணும் நம்பியிருக்கமாட்டாள்.

எனக்கு நாவல் பிடித்தது. கோபமும் இருக்கிறது. செத்தவள் நானூறு பக்கத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. எஸ்.ஐ.-யின் கோவை வீட்டுச் சமையலறைக்குக் கொடுத்த இடத்தில் பாதி இவளுக்குக் கொடுத்திருக்கலாம். அவளுடையது என்று இருப்பது அந்தக் கணக்கு நோட்டு மட்டும்தான். கிலோ, விலை, பிடித்தம், பாக்கி. பிடித்தம் என்ற பத்தியில் எண் ஏறிக்கொண்டே போகிறது. அதைக் கேட்கப் போனவள்தான் திரும்பவில்லை.

தங்கச்சிமடத்தான்

அந்த விரல் விஷயத்தை நான் கவனிக்கவில்லை, தங்கச்சி. மறுபடி எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது.

மதுரை நைட்ஷிப்ட்

ஆக, காற்றும் தெரியணும், விரலும் தெரியணும். நான் சொன்னதைத்தான் எல்லாரும் நிரூபித்துக்கொண்டிருக்கிறீர்கள்! எஸ்.ஐ. வெளியூர், நானும் வெளியூர். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

பாசிக்காரி மகள்

அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஊர் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் கண் முன்னாலேயே கிடந்தது. கேட்கத் தெரியவில்லை. தெரிந்த பிறகு கேட்கவில்லை.

தாவரவியல் வாத்தியார்

எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், தொட்டிக்கு யாரும் வரவில்லையே. எனக்கு நாவலே அந்தத் தொட்டிதான்.

ஒன்பதாவது அத்தியாயம். ஊரில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்து நாளாகிறது. குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் கயிற்றில் கோத்து வரிசையாகக் கிடக்கின்றன. லாரித் தண்ணீர் குடம் இன்ன விலை என்று விற்கிறது. கம்பெனிக்கு மட்டும் தனி லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. மறுநாள் விடிகாலை அதே கம்பெனியின் வாசலில் தண்ணீர் ஓடுகிறது. நிரப்பிய தொட்டியை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். பெண்கள் குடத்தோடு ஓடிவந்து பிடிக்கிறார்கள். ஒரு குழந்தை அங்கேயே குனிந்து குடிக்கிறது. அந்த நேரத்தில் வடகரையில் உடல் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை எழுத்தாளர் சாதாரணமாக, ஊரில் தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டுவதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

நூற்றைம்பது பக்கம் கழித்துத்தான் நமக்கு உறைக்கிறது. அவளை முக்கிக் கொன்றது அந்தத் தொட்டியில்.

இதற்குப் பரிசோதனை இருக்கிறது. டயாட்டம் என்று ஒரு நுண்பாசி, ஒற்றைச் செல், கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு. எந்தத் தண்ணீரிலும் இருக்கும், ஆனால் கடலில் இருக்கும் இனங்கள் வேறு, குளத்திலும் ஆற்றிலும் இருப்பவை வேறு. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை இழுத்து மூச்சுவிடும்போது அது நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்விடும். இறந்த பிறகு தண்ணீரில் போட்டால் அவ்வளவு தூரம் போகாது, ரத்த ஓட்டம் நின்றுவிட்டதே. எலும்பை எடுத்துப் பார்த்தால், கடலா நல்ல தண்ணீரா என்று ஓரளவுக்குச் சொல்லலாம். நூறு சதவிகிதம் நம்ப முடியாது என்று வாதிடுபவர்களும் உண்டு. லாரித் தண்ணீர் சுத்திகரித்ததாக இருந்தால் எண்ணிக்கை குறைவாகவும் இருக்கும். ஆனாலும் ஒரு மனு எழுதினால் போதும். ஏட்டு எழுதச் சொல்லவில்லை, டாக்டர் கேட்கவில்லை, எஸ்.ஐ. எழுதவில்லை.

வகுப்பில் டயாட்டம் படத்தைப் போர்டில் வரைகிறபோது இந்தக் கதை நினைவுக்கு வந்து தொலைக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவும் முடியாது.

மண்டபத்து வாசகி

வாத்தியார், அந்த இடத்தைத்தான் நான் தாங்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். அது அளவுக்கு மீறியது என்று இப்போதும் சொல்வேன். கொலை நடந்த தண்ணீரை ஊரைக் குடிக்க வைப்பது அதிர்ச்சிக்காக வைத்த காட்சி. தண்ணீருக்கு அலைகிற பெண்களை வைத்து இப்படி ஒரு விளையாட்டு விளையாட வேண்டுமா? நான் இந்த ஊரில் குடம் தூக்கியவள், சார். எழுதியவர் தூக்கியிருந்தால் அந்தக் குழந்தையைக் குனிய வைத்திருக்கமாட்டார்.

கீழக்கரை காக்கா

நான் வாசகி பக்கம். அறம் வேறு, அருவருப்பு வேறு.

சாயல்குடி பனங்காடு

நான் வாத்தியார் பக்கம். அந்தக் காட்சி இல்லையென்றால் ஊர் ஏன் வாயை மூடிக்கொண்டது என்பதற்குக் காரணமே இல்லை. பயம் என்று சொல்லலாம், காசு என்று சொல்லலாம், எல்லாக் கதையிலும் அதைத்தான் சொல்கிறார்கள். இங்கே அப்படியில்லை. தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்குக் காலையில் அந்தத் தண்ணீரில் உலை வைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் அதைச் சொல்வார்கள்? கிழவி "ஒண்ணும் பாக்கலையே" என்பது மேனேஜருக்குப் பயந்து இல்லை, வாசகி அக்கா. அவள் பேரனும் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறான். குனிந்து குடித்த குழந்தை அவள் பேரன்தான், பெயரைப் பாருங்கள்.

முதுகுளத்தூர்க் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்த ஒரு கட்டுக்காக மூன்றரை கொடுக்கிறேன்.

ஒருவரிக்காரன்

அந்தப் பேரன் விஷயம் தெரியாமல் இருந்தவரை நிம்மதியாக இருந்தேன்.

பழைய ஏட்டு

ஏட்டைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். எல்லாரும் அவரை ஊரோடு ஒத்துப்போன சோம்பேறி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அவருக்கு அதே ஊரில் வீடு. இன்ஸ்பெக்டர் வருவார், இரண்டு வருஷத்தில் போவார். எஸ்.ஐ. வருவார், போவார். ஏட்டு அங்கேதான் கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும், அங்கேதான் சாவுக்குப் போக வேண்டும். அவர் எஸ்.ஐ. அம்மாவிடம் மூன்று தடவை குறிப்புக் கொடுக்கிறார். முதல் தடவை "அம்மா, இன்னிக்குக் கச்சான் பலம்" என்கிறார். இரண்டாவது தடவை கம்பெனி வாசல் ஈரத்தைக் காட்டி "பாத்து நடங்க, வழுக்கும்" என்கிறார். மூன்றாவது தடவை பிரேத விசாரணையில் "கையையும் எழுதிக்கலாமா?" என்று கேட்கிறார். இதற்கு மேல் ஒரு ஏட்டு மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வார்? நேராகச் சொன்னால் அது அவருடைய வாக்குமூலம் ஆகிவிடும்.

மதுரைத் தம்பி துப்பை முன்னால் வைக்கவில்லை என்றார். மூன்றையும் ஏட்டு வாயாலேயே வைத்திருக்கிறார். படிக்கிற நமக்கும் அவர் ஏட்டுதானே என்ற அலட்சியம்.

முடிவைப் பற்றி: எஸ்.ஐ. அம்மா கையெழுத்துப் போட்டது தப்பு. அதை நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அப்படி ஒரு ஃபைல் என் மேஜையைத் தாண்டிப் போனதே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

தங்கச்சிமடத்தான்

ஏட்டய்யா, கடைசி வரிக்கு அப்புறம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

முடிவு பற்றி நான் கொஞ்சம் வேறு மாதிரி. தண்டனை கிடைக்காதது எனக்குப் பிரச்சினை இல்லை. ஜூன் 14 ராத்திரி தடை முடிந்து போட்டெல்லாம் கிளம்புகிறது, ஐஸ் ஏற்றுகிறார்கள், டீசல் ஏற்றுகிறார்கள், அதே கம்பெனி வாசலில் அதே மேனேஜர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். அந்தப் பரபரப்பு அப்படியே எங்கள் ஜெட்டிதான், ஒரு எழுத்து மாறவில்லை. அங்கேயே முடித்திருக்கலாம். அதற்கப்புறம் எஸ்.ஐ. பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்து இரண்டு பக்கம் யோசிக்கிறாரே, அது எதற்கு? அவர் மனசாட்சியைப் பற்றி யாருக்கு அக்கறை?

பாசிக்காரி மகள்

அதே. அந்த இரண்டு பக்கத்தை அந்த மகளுக்குக் கொடுத்திருக்கலாம். பத்தாவது ரிசல்ட் மே மாதமே வந்திருக்கும். அவள் பாஸா பெயிலா என்றுகூடச் சொல்லவில்லை.

மண்டபத்து வாசகி

நான் இழையைத் தொடங்கியபோது மறுபடி தொடமாட்டேன் என்று சொன்னேன். அந்தக் கிழவியின் பேரன் பெயரைப் பார்ப்பதற்காக எடுத்தேன். பனங்காட்டுத் தம்பி சொன்னது சரி. ஆனாலும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை. காரணம் புரிந்தால் பிடித்துவிட வேண்டும் என்று கட்டாயமா? கட்டமைப்பு கச்சிதம், மனசு ஒப்பவில்லை. என் பிரதி வீட்டில் சும்மாதான் இருக்கிறது, ராமநாதபுரம் வருகிறவர்கள் யாராவது வாங்கிக்கொள்ளலாம்.

ஒருவரிக்காரன்

எனக்கு, அக்கா. அட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

மதுரை நைட்ஷிப்ட்

ஏட்டய்யா சொன்னதற்காக மூன்று குறிப்பையும் தேடிப் பார்த்தேன். மூன்றும் இருக்கிறது. சரி, துப்பு வைக்கவில்லை என்ற குற்றச்சாட்டைத் தள்ளி வைக்கிறேன். இரண்டரை மூன்றாகிறது.

அதற்கு மேல் ஏறாது, ஏனென்றால் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. தொட்டியைத் திறந்துவிட்டது யார்? எல்லாரும் மேனேஜர் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மேனேஜர் அந்த நேரத்தில் வடகரையில் வலையைக் கட்டிக்கொண்டிருக்கிறான், எட்டாவது அத்தியாயத்தில் நேரம் போட்டிருக்கிறது. வால்வு சாவி வாட்ச்மேன் இடுப்பில்தான் எப்போதும் தொங்குகிறது. ஆனால் வாட்ச்மேன் அன்றைக்கு லீவு என்று கம்பெனி ரிஜிஸ்டர் சொல்கிறது, எஸ்.ஐ. அதைப் பார்த்துவிட்டு நம்புகிறார். லீவில் இருந்தவன் வீட்டில் மறுநாள் காலையில் எதற்கு இரண்டு குடம் தண்ணீர் வாசலில் கொட்டிக் கிடக்கிறது? தண்ணீர்ப் பஞ்சத்தில் பிடித்த தண்ணீரை எவனாவது கொட்டுவானா? அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று. தெரிந்தவன் மற்றவர்கள் பிடிக்கும்போது ஏன் தடுக்கவில்லை?

புத்தகம் கையில் இருக்கிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். பத்தாவது அத்தியாயம், ஏட்டு வாட்ச்மேன் வீட்டுத் திண்ணையில் உட்காரும் இடம்.